கனகாம்பரச் சட்டை

புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களைத் திருத்தணிப் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. கரும்புக் கொல்லையில், கட்டட வேலையில், நூறுநாள் வேலையில், எங்கே பார்த்தாலும் அந்தச் சட்டைதான். அது எங்கிருந்து வந்தது என்று எவனாவது நின்று யோசித்திருக்கிறானா? புருஷன் போட்டு, காலர் நைந்து, கக்கம் கிழிந்து, இனி இதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் போனால் மரியாதை இல்லை என்று அவன் கழற்றி எறிந்த பிறகுதான் அது பெண்டாட்டி உடம்புக்கு வரும். அவனுக்கு மரியாதை இல்லாதது இவளுக்குப் போதுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுப் பாருங்கள். "வேலைக்குத்தானே, அதுக்கு இன்னா இப்போ" என்பார்கள். புருஷன் இல்லாதவளுக்கு அண்ணன் சட்டை, அண்ணனும் இல்லாதவளுக்கு மகன் சட்டை. பெண்ணுக்கென்று ஒரு சட்டை தைக்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

ரஞ்சிதத்துக்கும் அது வெகுநாள் தோன்றவில்லை.

திருத்தணி ஊர் முடிகிற இடத்தில், ரயில் பாதையைத் தாண்டி ஒரு தெருவில் அவள் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். தை, மாசியில் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டு மும்முரமாகிவிடும். விடியும்போதே குட்டியானை வண்டி தெருமுனைக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மற்ற மாதங்களில் களை எடுப்பாள், சித்தாள் வேலைக்குப் போவாள். என்ன வேலையானாலும் முகம் கழுவி, லேசாகப் பவுடர் போட்டு, சாந்துப் பொட்டு வைத்து, புடவை மடிப்பைச் சீராக எடுத்துச் செருகிக்கொண்டுதான் வண்டி ஏறுவாள். பூ கிடைத்தால் பூவும் உண்டு. கரும்பு வெட்டப் போகிறவளுக்குப் பவுடர் எதற்கு என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

"கரும்புக்கா போட்டேன்? எனக்குப் போட்டேன்" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது.

அவள் புருஷன் கிருஷ்ணன் கொத்தனார். அரக்கோணத்தில் பெரிய கட்டட வேலை என்று போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மகள் அனிதா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த மகளை வளர்த்து, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது ரஞ்சிதம். கல்யாணப் பந்தலில் அப்பன் நிற்கவேண்டிய இடத்திலும் அவளே நின்றாள். ஓலையாக இருந்த வீட்டைச் செங்கல் வைத்துக் கட்டி, மேலே தளம் போட்டதும் அவளே. புருஷன் விட்டுப்போன பிறகும் பூ வைக்கிறாளே, பொட்டு வைக்கிறாளே, யாருக்காக என்று உறவில் சிலர் வாயில் போட்டு மென்றார்கள். "கண்ணாடியில பாக்கிறது நான்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

கிருஷ்ணன் போகும்போது செல்போனை எடுத்துக்கொண்டான், நல்ல செருப்பை எடுத்துக்கொண்டான். இரும்புப் பெட்டி நிறைய இருந்த சட்டைகளை விட்டுவிட்டான். முதலில் அவற்றைக் கொளுத்திவிடத்தான் நினைத்தாள். மறுநாள் கரும்பு வேலை வந்தது. கரும்பில் சோகை உரிப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காய்ந்த இலையின் ஓரம் கையை வரிவரியாக அறுத்துவிடும், சுணை ஏறினால் தூங்க விடாது. வெறும் ரவிக்கையோடு அங்கே இறங்க முடியாது. பெட்டியைத் திறந்தாள், மேலே கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டாள். நல்ல பருத்தித் துணி, அதன்மேல் என்ன கோபம்? ஒன்று நைந்ததும் அடுத்தது. சட்டை அவளுக்குச் சட்டையாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளும்போது கிருஷ்ணன் நினைப்பு வந்த காலமும் மலையேறிவிட்டது.

இந்த வருஷம் மாசியில் ஒரு நாள், எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீராசாமி மொபெட்டில் வந்து இறங்கினார். கிருஷ்ணனின் அண்ணன். தெருவில் ஒரு பஞ்சாயத்து என்றால் நடு நாற்காலியில் உட்காருகிறவர். அந்த வீட்டு வழக்கப்படி ரஞ்சிதம் அவரைப் பாவா என்று கூப்பிடுவாள். எழுந்து நின்று, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்தாம்மா ரஞ்சிதம், ஒரு நல்ல சேதி சொல்லத்தான் இம்மாந்தூரம் வந்தேன்."

"இன்னா பாவா?"

"கிருஷ்ணன் வந்துட்டான். நம்ம ஊட்லதான் கீறான். அந்தப் பொம்பள சவகாசமே வாணாம்னு உதறிட்டு வந்துட்டான். இனிமே உன்னோடதான் இருப்பேன்றான்."

ரஞ்சிதம் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். "எனக்கு வாணாம் பாவா."

"அவசரப்படாத. போன வாரம் பஸ்ல போவ சொல்ல உன்னப் பாத்தானாம். அவனோட நீலக்கட்டம் போட்ட சட்டையைப் போட்டுகினு ரோட்டோரம் நின்னுகினு இருந்தியாம். இத்தினி வருசம் கழிச்சும் எஞ்சட்டையை உடம்புல போட்டுகினு கீறா, அவ மனசுல நான் இல்லாம போவனா அண்ணேன்னு அழுவுறான். அவனை வாணாம்னா அவன் சட்டையை ஏம்மா போட்டுகினு கீற? நீயே சொல்லு."

வரப்பில் இருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். யாருக்கும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் அன்றைக்குத் திக்கி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்கையம்மன் கோயில் முன்னால் நாலு பேரை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வீராசாமி மொபெட்டை உதைத்தார்.

பக்கத்தில் இருந்த தீபா அவளோடு தினமும் வேலைக்கு வருகிறவள், தங்கச்சி மாதிரி. அவளும் மெதுவாகச் சொன்னாள்: "நானும் அப்டித்தாங்க்கா நெனச்சுகினு இருந்தேன்."

"எப்டி?"

"மாமாவை மறக்க முடியாமத்தான் அந்தச் சட்டையையே நீ போடறன்னு. தெருவுல எல்லாருமே அப்டித்தான் சொல்லுவாங்க."

வீராசாமி சொன்னதைவிட இதுதான் ரஞ்சிதத்தைக் குத்தியது. தான் எதையுமே நினைக்காமல் மாட்டிக்கொண்டு திரிந்ததை ஊர் முழுக்க ஒரு விரதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கூடி, பாவம், சேர்த்துக்கொள் என்று சொல்லி அவனை வீட்டுக்குள் விட்டுவிட்டால், பிறகு வெளியே அனுப்புவது நடக்கிற காரியமா? அவள் கட்டிய தளத்துக்குக் கீழே அவன் காலை நீட்டிப் படுப்பான். இவள் சோறு போடவேண்டும். கேட்டால் சட்டையைக் காட்டுவார்கள்.

அங்கேயே பட்டனை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தாள். வெறும் ரவிக்கையோடு கரும்புக்குள் இறங்கினாள். பைத்தியமா உனக்கு என்று தீபா கத்தியது காதில் விழவில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் இரண்டு கையும் கீறிக்கிடந்தன, வியர்வை பட்டு எரிந்தது.

"எங்க அண்ணன் சட்டை ஒண்ணு கீதுக்கா. நாளைக்கு எடுத்தாறேன்" என்றாள் தீபா.

"வாணாம். ஒருத்தன் சட்டையைப் போட்டுப் பட்டது போதும். எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிறேன்."

ரஞ்சிதம் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அன்று சாயங்காலமே, கீறிய கையோடு பஜாருக்குப் போனாள்.

ரெடிமேட் கடைக்காரர் சட்டைகளை எடுத்துப் போட்டார். "ஊட்டுக்காரருக்காம்மா? சைஸ் இன்னா?"

"எனக்குத்தான்."

அவர் ஒரு கணம் விழித்துவிட்டுப் பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இருந்ததெல்லாம் முக்கால் கை, ஜிகினா, தொட்டால் கிழிகிற துணி. கரும்பு அதைத் தின்றுவிடும். ஆண்கள் சட்டையிலேயே ஒன்றை மேலே போட்டுப் பார்த்தாள். தோள் தையல் கைப்பக்கம் இறங்கித் தொங்கியது, கை விரலைத் தாண்டியது, மார்பில் பட்டன் எட்டவில்லை. இத்தனை வருஷம் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அந்தக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

துணிக்கடைக்குப் போனாள். மலைக்கோயிலுக்கு வேண்டுதல் துணி எடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய கடைப்பெண், கேட்காமலே மஞ்சளை எடுத்துப் போட்டாள். வேண்டுதல் இல்லை, வேலைக்குச் சட்டை என்றதும் சாம்பல், காக்கி, பழுப்பு என்று அடுக்கினாள். "மண்ணு பட்டாலும் தெரியாது பாருங்க."

"மண்ணு தெரிஞ்சா தொவச்சுக்கிறேன். அதை எடு" என்று ரஞ்சிதம் மேல் தட்டைக் காட்டினாள். கனகாம்பர நிறத்தில் தடித்த பருத்தி. தொட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், கடைக்கு வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு சட்டை என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

துணி கிடைத்தது, தைக்க ஆள் கிடைக்கவில்லை. ரவிக்கை தைக்கிற பெண், காலர் வைக்க எனக்கு வராதுக்கா என்றாள். ஆண்களுக்குத் தைக்கிற தணிகாசலம் கடைக்குப் போனால், அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அளவுச் சட்டை ஒண்ணு குடுத்துட்டுப் போம்மா. அதை வச்சுத் தச்சிடறேன்" என்றார். ஊர் வழக்கம் அதுதான். பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் அதே அளவில் புதிது வரும்.

"அளவுச் சட்டை இல்லீங்க. எனக்கு அளவெடுத்துத் தைங்க."

"ஊட்ல ஆம்பளை சட்டை ஒண்ணுகூடவா இல்ல?"

"கீது. அந்த அளவு எனக்கு வாணாம்."

தணிகாசலம் நாடாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சங்கடப்பட்டார். "இத்தினி வருசத்துல பொம்பளைங்களுக்கு நான் அளவெடுத்தது இல்லம்மா. ரோட்டுல போறவன் நாலு விதமா பேசுவான்."

"நீங்க தொட வாணாம். நாடாவை இங்க குடுங்க. எங்கெங்க வைக்கணும்னு சொல்லுங்க."

அவர் தயங்கினார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் நாடாவைக் கொடுத்துவிட்டு அவர் எட்டி நின்று சொன்னார். தோளில் இருந்து தோளுக்கு என்றார், கழுத்தைச் சுற்றி என்றார். அவள் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அப்படியே கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். அவர் குறித்துக்கொண்டார். கடை முன்னால் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா, உங்களுக்கும் அளவெடுக்கணுமா?" என்று அவள் திரும்பிக் கேட்டதும் நகர்ந்துவிட்டார்கள். கையை ஓங்கி வெட்டுகிற மாதிரி வீசிக்காட்டி, இங்கே பிடிக்கக்கூடாது என்றாள். இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட் கேட்டாள். தணிகாசலத்துக்கும் அதற்குள் வேலைச் சூடு ஏறிவிட்டது.

"பட்டன் ஆம்பளை பக்கமா, பொம்பளை பக்கமாம்மா?"

"எங்கைக்கு எது வாகோ அந்தப் பக்கம் வைங்க. ஞாயித்துக்கிழமை காலைல வேணும்."

"முகூர்த்த மாசம்மா, கைநெறைய வேலை. கல்யாணத்துக்கா?"

"இல்லீங்க. கல்யாணம் பண்ணினவன் வரான்."

சனிக்கிழமை விளக்கு வைக்கும்போது சட்டை தயாராகிவிட்டது. அதுவரைக்கும் ரஞ்சிதம் கையில் பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், கிருஷ்ணன் சட்டையைத் தொடவில்லை. அனிதா போனில் அழைத்து, "அம்மா, எனக்காகன்னு பாக்காத, உனக்கு இன்னா தோணுதோ அதைச் செய்" என்றாள். மகள் சொன்னது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வீராசாமியும் தெருப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணன் ஒரு ஓரத்தில். தலைக்குச் சாயம் போட்டிருந்தான், ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தான். பெண்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றார்கள். வீராசாமியின் மனைவி வள்ளியம்மாளும் அங்கே இருந்தாள், தீபாவும் இருந்தாள்.

ரஞ்சிதம் வந்தாள். வெளுத்த புடவை, சாந்துப் பொட்டு, தலையில் பூ. புடவைக்கு மேல் கனகாம்பரச் சட்டை. தோள் தோளில் இருந்தது, கை மணிக்கட்டில் முடிந்தது. வேலைக்குப் போகும்போது மட்டும் போடுகிறதைப் போட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்கு வருகிறாளே என்று முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு சட்டை புதிது என்பது கண்ணில் பட்டது. முணுமுணுப்பு நின்றுபோயிற்று.

"யாரு சட்டைம்மா இது?" என்று வீராசாமி கேட்டார். குரல் மாறிவிட்டிருந்தது.

"என்னுது பாவா."

"அது செரி. யாரு குடுத்தது?"

கிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். "நான்கூட இன்னாமோன்னு நெனச்சேன் அண்ணே. இவளுக்கு வேற ஆள் கீறான். அதான் நான் வாணாம்ன்றா."

அதைத்தான் அங்கே பாதிப் பேர் ஏற்கெனவே நினைத்துவிட்டார்கள். பெண் உடம்பில் ஒரு சட்டை இருந்தால் அதற்குள் ஒரு ஆண் இருந்தே ஆகவேண்டும், வேறு வழியே கிடையாது என்று பழகின புத்தி. ரஞ்சிதம் கோபத்தோடு வீராசாமியின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

"பாவா, என்னை உட்டு ஓடிப்போனவன் சட்டையை இத்தினி வருசம் போட்டுகினு இருந்தேன். அப்ப ஒருத்தர்கூட யாரு சட்டைன்னு கேக்கல. இன்னிக்கு எங் காசுல துணி எடுத்து, எனக்கு அளவெடுத்து, நான் தச்சுப் போட்டுகினு வந்துகீறேன். இன்னிக்குத்தான் கேக்கிறீங்க. தச்ச கடை பஜார்ல கீது. போய்க் கேக்கறவங்க கேளுங்க, நான் யாரையும் சாட்சிக்குக் கூட்டியாரல."

வேப்பமரத்துப் பக்கம் யாரோ, நல்லாக் கேட்ட போ என்றார்கள். பெரியவர் ஒருவர், சட்டைப் பேச்சை விடுங்கப்பா என்று சமாதானமாக இழுத்தார். தப்பு செய்தவன் திரும்பி வந்திருக்கிறான், மன்னித்துவிடம்மா என்றார்.

"மன்னிச்சுட்டேன் தாத்தா. எப்பவோ மன்னிச்சாச்சு. ஊட்ல சேத்துக்க மாட்டேன்."

கிருஷ்ணன் மறுபடி உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் பேச்சில் ஜம்பம் இல்லை. வேட்டியைக் கொஞ்சம் விலக்கினான், பாதத்தில் கட்டு. "சக்கரை. புண்ணு ஆற மாட்டேன்னுது. சாரத்துல ஏற முடியல, வேலைக்கு யாரும் கூப்பிடல. அந்தப் பொம்பளையும் போன்னு சொல்லிட்டா. எனக்குப் போவ எடம் இல்ல ரஞ்சிதம்."

ரஞ்சிதத்துக்குப் பாவமாக இருந்தது. ஒரு காலத்தில் அவன் சாரத்தில் விறுவிறுவென்று ஏறுவதைக் கீழே கலவைச் சட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்தவள்தானே. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

"நீ என்னைத் தேடி வரல. படுக்க ஒரு எடம் வேணும்னு வந்த. அதை நேரா கேட்டிருந்தா, முடியாதுன்னு நானும் நேரா சொல்லியிருப்பேன். எம் மனசு இன்னான்னு சட்டையைப் பாத்துத் தெரிஞ்சுகினியே, ஒரு நாளாச்சும் என்னைக் கேட்டியா?" என்றாள். பிறகு வீராசாமி பக்கம் திரும்பினாள். "பாவா, உங்க தம்பி. கூடப் பொறந்தவர். மாடியில ரூம் சும்மாத்தானே கீது."

வீராசாமி தொண்டையைச் செருமினார். வள்ளியம்மாளைப் பார்த்தார். வள்ளியம்மாள் கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். ரஞ்சிதம் தலையில் கட்டிவிட்டால் தன் வீட்டுக்கு வேலை மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டது அப்போதுதான் எல்லோருக்கும் வெளிச்சமாயிற்று. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தம்பி அண்ணன் வீட்டில் இருப்பதுதானே முறை என்று எழுந்து போகிறவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு கிருஷ்ணன் அவள் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான். "அப்ப எஞ்சட்டைங்களையாச்சும் குடு. மாத்துத் துணி இல்ல."

"பாதி நைஞ்சு போச்சு. மிச்சத்தைத் தொவச்சுப் போட்டுகீறேன். வாசல்லயே கொடி கீது, நீயே எடுத்துக்க. உள்ள வர வாணாம்."

அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டான். கிழிந்த இடமெல்லாம் அவள் கையால் தைத்திருந்தது. அவன் விரலால் தடவிப் பார்த்தான். அவள் நிலைப்படியில் நிற்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே போனான். தெரு திரும்பும் வரைக்கும் ரஞ்சிதம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தன் சட்டையைக் கழற்றி, கோடித் துணியின் கஞ்சி போக நன்றாக அலசி, காலியாக இருந்த கொடியில் உதறிப் போட்டாள். வெயில் நன்றாகத்தான் இருந்தது. காலையில் கரும்புக்குப் போகவேண்டும், அதற்குள் காய்ந்துவிடும்.